சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு

அணையில் தண்ணீர் இருப்பதால் மட்டும் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட முடியாது. இடையில் ஓர் ஒழுங்குமுறை வேண்டும் என்பது நீர்ப்பாசனத் துறையின் கொள்கை. அந்தக் கொள்கையை நிறைவேற்றும் பொருட்டு 1974ஆம் ஆண்டு ஜனவரியில், கருங்கல்முடி அணைக்கும் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே புளியங்காட்டுப்பதியில் இருந்த கால்வாய்ப் பிரிவு அலுவலகத்துக்கும் இடையே பதினெட்டு கிலோமீட்டர் கேபிள் இழுக்கப்பட்டது. ஒரு முனையில் தட்டும் எழுத்தை மறுமுனையில் அச்சடிக்கும் டெலிபிரிண்டர், முனைக்கு ஒன்றாக வைக்கப்பட்டது.

அதுவரை நடந்துவந்த முறை நாகரிகமற்றது. தண்ணீர் வேண்டுமென்றால் கால்வாய் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் சீட்டு எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவான். அணையில் சீட்டைப் படித்துவிட்டு மடையைத் திறப்பார்கள். சாயங்காலம் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்பதைத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. அந்த வருஷம் இயந்திரம் வாங்காத துறையின் அதிகாரிகள் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்கார வேண்டியிருந்தது.

எனவே ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வாய்மொழியாகவோ சீட்டு மூலமாகவோ வரும் தண்ணீர்க் கோரிக்கைகள் செல்லாது. கோரிக்கை டெலிபிரிண்டரில் போக வேண்டும். அணையின் ஒப்புதல் டெலிபிரிண்டரில் திரும்பி வர வேண்டும். அதன் பிறகே மடை திறக்கப்படும்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மேலதிகாரி ஒருவர் ஒரு விரலால் பத்து எழுத்துத் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய எழுத்து அணைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. விழா நடக்கும் இடத்தில் அப்படிக் கேட்பது மரியாதையல்ல.

விழா முடிந்த மூன்றாம் நாள் ஆறுச்சாமி வந்தார். கால்வாயின் கடைமடையில் அவருக்கு நாலு ஏக்கர் வயல்.

"ஏனுங்க சார், கதிரு பால் புடிக்கற நேரமுங்க. இன்னும் ஒம்பது நாள்ல ஒரு தண்ணி பாயலீன்னா அத்தனையும் பதராப் போயிருமுங்க."

பிரிவு அலுவலர் செல்லத்துரை கருணையோடு சிரித்தார். "காலையிலேயே கோரிக்கை அனுப்பியாச்சு. நாலு தடவை."

"அப்பறம் ஏனுங்க தண்ணி வரலை?"

"அவங்க ஒப்புதல் அனுப்பலை. எங்க இயந்திரம் மிக நன்றாக இயங்குகிறது. கோளாறு அணைப் பக்கம்."

ஆறுச்சாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் மிதித்து அணைக்குப் போனார். அங்கே அணை அலுவலர் நஞ்சப்பன், கோரிக்கை எதுவும் வரவில்லை என்றார்.

"நாங்களும் காலையிலிருந்து 'கோரிக்கை உண்டா' என்று ஏழு தடவை கேட்டாச்சு. பதில் இல்லை. எங்க இயந்திரம் மிக நன்றாக இயங்குகிறது. இதை அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றனுங்க. அப்படியே நாங் கேக்கறதையும் கோரிக்கையா எழுதிக்கிட்டு மடையத் தொறந்துட்டீங்கன்னா..."

"வாய்மொழி செல்லாது."

"இப்ப நீங்க சொன்னதை நான் வாயாலதானுங்களே போயிச் சொல்லோணும்?"

"அது தகவல். இது கோரிக்கை. ரெண்டும் வேற."

இப்படியாக, கேபிள் வேலை செய்யவில்லை என்ற தகவலைச் சுமந்துகொண்டு ஆறுச்சாமி நான்கு நாளில் ஆறு தடவை போய்வந்தார். பதினெட்டு கிலோமீட்டரில் ஒழுங்காக வேலை செய்த ஒரே தொடர்பு அவர்தான். தண்ணீரைத் தவிர எதை வேண்டுமானாலும் அவர் வாயிலாகக் கேட்க இரண்டு அலுவலகமும் தயாராக இருந்தன.

இதற்கிடையே கோளாறு நீக்கும் பணி முறைப்படி நடந்தது. முதல் நாள் காகிதச் சுருளை மாற்றினார்கள். இரண்டாம் நாள் மை நாடாவை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மேஜையை மாற்றினார்கள். நான்காம் நாள், இயந்திரம் தெற்குப் பார்த்திருப்பதால் இருக்கலாம் என்று ஒரு கருத்து எழுந்து, கிழக்குப் பார்த்து வைக்கப்பட்டது.

கோளாறு என்னவென்று முதல் நாளே தெரிந்துவைத்திருந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்தார். இயந்திரத்தை இயக்கும் கபிரியேல். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எர்ணாகுளத்தில் ஆறு மாதம் டெலிபிரிண்டர் படித்தவர் என்பதால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவரே போய்ச் சொன்னார்.

"அய்யா, மெசின்ல ரெண்டு முனை இருக்கு. ஒண்ணு பேசுறது, ஒண்ணு கேக்குறது. நாம பேசுற முனையில செவப்புக் கம்பியப் போட்டிருக்கோம். அங்கயும் பேசுற முனையிலதான் செவப்பப் போட்டிருக்காவ. ரெண்டு வாயையும் சேத்துக் கட்டி, ரெண்டு காதையும் சேத்துக் கட்டின மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கம்பிய மாத்திப் போட்டா சரியாயிரும்."

செல்லத்துரை சுற்றறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டினார். 'இரு முனைகளிலும் சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் இணைக்கப்பட வேண்டும்.'

"சிவப்புல கறுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்றீங்க."

"ஒரு பக்கம் மட்டுந்தானய்யா."

"ஒரு பக்கம் மட்டும் விதியை மீறினா, இன்னொரு பக்கத்துக்கு அநீதி ஆகாதா?"

கபிரியேல் திரும்பி வந்தார். வராந்தாவில் ஆறுச்சாமி உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னொரு மிதி மிதிக்க முடியுமா? அணையில ஞானஜோதின்னு ஒரு ஆபரேட்டர் இருக்கான். நம்ம ஆளு, சொன்னாப் புரிஞ்சிக்கிடுவான். கம்பி ரெண்டையும் அவன் பக்கம் மாத்திப் போடச் சொல்லுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இதுக்குத்தானாப்பா இத்தன நாளு? முந்தியே சொல்லியிருந்தா ரெண்டு தொடையும் தப்பிச்சிருக்கும்."

ஆறுச்சாமி போனார். ஞானஜோதிக்கு உடனே புரிந்தது. மத்தியானம் நஞ்சப்பன் சாப்பிடப் போன நேரத்தில் கம்பிகளை மாற்றிப் போட்டார்.

அதே நேரத்தில் புளியங்காட்டுப்பதியில் கபிரியேலுக்குக் கவலை வந்துவிட்டது. ஞானஜோதி பயந்த சுபாவம். கையை வைக்க மாட்டான். எதற்கும் நாமே மாற்றிவிடுவோம் என்று எண்ணி, தன் பக்கக் கம்பிகளை மாற்றிப் போட்டார்.

ஆக, மறுபடியும் வாயோடு வாயும் காதோடு காதும் சேர்ந்தன. இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, மற்றவன் மாற்றவில்லை என்று முடிவு செய்தார்கள். நான் மாற்றிவிட்டேன் என்று ஒருவருக்கொருவர் சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கேபிள்தான்.

விடிந்தால் ஆறாம் நாள். ஆறுச்சாமி வந்து இரண்டு பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லி ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் வருவதற்குள் தலைநகரிலிருந்து நிபுணர் வந்துவிட்டார்.

நிபுணர் சபாரி சூட் போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை அறைக்குள்ளும் கழற்றவில்லை. அப்படியும், சிவப்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இருப்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கபிரியேலுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். பிறகு கேபிளை அடியோடு கழற்றிவிட்டு, இயந்திரத்தின் பேசும் முனையையும் கேட்கும் முனையையும் ஒரு முழக் கம்பியால் இணைத்தார்.

"இப்ப தட்டு."

"என்ன தட்டட்டும் சார்?"

"வழக்கமான கோரிக்கையையே தட்டு."

கபிரியேல் தட்டினார். 'தண்ணீர் தேவை. மடையைத் திறக்கவும்.' அதே இயந்திரம் கடகடவென்று அதே வாசகத்தை அச்சடித்துத் தள்ளியது.

அலுவலகமே எழுந்து நின்றது. செல்லத்துரையின் கண் கலங்கியது. திறப்பு விழாவிலிருந்து ஒன்பது நாளில் அந்த இயந்திரத்துக்கு வந்த முதல் செய்தி அது.

"பாருங்க. அனுப்புது. வாங்குது. ஒரு எழுத்துப் பிசகலை," என்றார் நிபுணர்.

"சார், அது நாம அனுப்பினது நமக்கே வருது," என்றார் கபிரியேல்.

"ரெண்டாவது மெமோ வேணுமா?"

நிபுணர் ஜீப்பில் அணைக்குப் போய் அங்கேயும் ஒரு முழக் கம்பி போட்டார். ஞானஜோதி அணையின் வழக்கமான வாசகத்தைத் தட்டினார். 'ஒப்புதல். மடை திறக்கப்பட்டது.' அதுவும் பிசகாமல் அச்சாகி வந்தது. இரண்டு தாளும் நகலோடு இரண்டு அலுவலகக் கோப்புகளிலும் சேர்ந்தன. கோரிக்கை அனுப்பப்பட்டு, பெறப்பட்டது. ஒப்புதல் அனுப்பப்பட்டு, பெறப்பட்டது. நன்றாக இயங்கும் இயந்திரங்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டு நிபுணர் ரயிலேறினார். பதினெட்டு கிலோமீட்டர் கேபிளின் இரண்டு நுனியும் மழை படாமலிருக்க பிளாஸ்டிக் தாளால் பத்திரமாகச் சுற்றப்பட்டன.

அணையின் மடைக்காரர் குப்பண்ணன் தாளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மடை திறக்கப்பட்டது என்று இருந்தது. திறந்த மடையை மறுபடி எப்படித் திறப்பது என்று அவருக்குச் சந்தேகம். திறந்து ஏதாவது ஆகிவிட்டால் ஓய்வூதியம் போய்விடும். மேலே கேட்டு எழுதச் சொன்னார். பதில் வரவில்லை.

தான் கெடு சொன்ன ஒன்பதாம் நாள் ஆறுச்சாமி ஒரு கதிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து செல்லத்துரையின் மேஜைமேல் வைத்தார். உள்ளே மணி இல்லை. ஊதினால் பறந்தது.

"தண்ணி வரலீங்க சார்."

"அதெப்படி? மடை திறந்து மூணு நாளாச்சு," என்று செல்லத்துரை தாளைக் காட்டினார்.

"தாள்ல வந்துருக்குதுங்க. வயல்ல வரலை."

"நாங்க தாள் வரைக்கும்தான் பொறுப்பு."

மார்ச் மாதம் பயிர்ச் சேத விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி வயலுக்குப் போகவில்லை; வெயில். கோப்பை மட்டும் வரிவரியாகப் படித்தார். மடை திறக்கப்பட்டதற்கு ஆதாரம் இருந்தது. மூடப்பட்டதற்கு இல்லை. எனவே கால்வாயில் முப்பத்தேழு நாள் இரவும் பகலும் தண்ணீர் ஓடியிருக்கிறது. முப்பத்தேழு நாள் தண்ணீர் நின்றால் எந்தப் பயிர் பிழைக்கும்? வெள்ளச் சேதம் என்று முடிவு எழுதினார்.

"வறட்சின்னு எழுதினா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. வெள்ளம்னா விதைநெல் இலவசம். கையெழுத்துப் போடுங்க," என்றார் செல்லத்துரை. அவர் கெட்ட மனிதர் அல்ல.

ஆறுச்சாமி யோசித்தார். வீட்டில் விதைக்கு ஒரு படி நெல் இல்லை. படிவத்தை வாங்கி, தன் வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாக முதல் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் போட்டார்கள். அதில் எட்டுப் பேருக்கு வயலே கிடையாது. அவர்களுடைய வயலும் மூழ்கியது. கைநாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த மைப்பெட்டி வெயிலில் காய்ந்துபோயிருந்தது; பானையிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒவ்வொருவராகக் கட்டைவிரலில் எச்சில் தொட்டு வெள்ளத்தை உறுதிப்படுத்தினார்கள்.

விதைநெல் வந்தது. விதைத்தார்கள். மே கடைசியில், கால்வாயிலிருந்து கடைமடைக்குப் பிரியும் வாயில் கொத்தனார்கள் கருங்கல் அடுக்குவதைப் பார்த்து ஆறுச்சாமி அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஏனுங்க சார், வாய்க்கா வாயில செவுரு கட்றாங்களே?"

"வெள்ளத் தடுப்புச் சுவர். உங்க பகுதி வெள்ள அபாயப் பகுதின்னு அறிவிச்சாச்சு. இனி ஒரு சொட்டு உள்ளே வராது."

"எங்களுக்கு எங்கீங்க வெள்ளம் வந்துச்சு?"

செல்லத்துரை கோப்பைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். நாற்பத்தொரு பெயர்கள். முதல் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா அழுத்திப் போட்டிருக்கீங்க. இல்லைன்னு இப்பச் சொன்னா, பொய்ச் சாட்சிக்கு வேற படிவம் இருக்கு. விதைநெல்லையும் திருப்பணும்."

விதைநெல் வயலில் முளைத்துக்கொண்டிருந்தது.

சுவரின் திறப்பு விழாவுக்கு நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். விவசாயிகள் சார்பில் அதிகாரிக்கு மாலை போட ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்கள். போட்டுவிட்டு இறங்கி வந்தவரிடம் பக்கத்து வயல்காரர் சின்னையன் மெதுவாகக் கேட்டார்.

"நீ போயி மாலை போடறயேப்பா?"

"கையெழுத்தே போட்டாச்சு," என்றார் ஆறுச்சாமி. "நகரு, உன்னையும் கூப்படறாங்க."

சின்னையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார்.