மேஸ்திரி திறந்து காட்டிய வாய்

வானமே இடிந்து விழுந்தாலும் சரி, எந்த டாக்டர் முன்னாலும் வாயைத் திறப்பதில்லை என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார். தச்சுப்பட்டறை நடத்துகிறவர். அவர் முடிவு ஆணி அடித்த மாதிரி. அவராலேயே பிடுங்க முடியாது.

காரணம் இடது கன்னத்துக்குள் இருந்தது. வருஷக்கணக்காகப் புகையிலை அடக்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. நாக்கால் தடவினால் இழைக்காத பலகை மாதிரி சொரசொரவென்றிருந்தது. காரம் பட்டால் எரிந்தது. அது என்னவாக இருக்கும் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் நிஜமாகிவிடுமே! வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது.

கட்டினவள் கண்ணுக்குத் தப்புமா?

"ஏங்க, ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?"

"அந்தப் பக்கத்துப் பல்லுக்கு லீவு."

"வாயைத் திறங்க, பாக்கறேன்."

"இது என்ன அலமாரியா, திறந்து திறந்து பாக்க?"

"வாயில வெள்ளைத் திட்டு, ஆறாத புண்ணு இருந்தா உடனே காட்டணுமாம். ஆரம்பத்துலயே பாத்துட்டா சரி பண்ணிடலாமாம்."

"புண்ணா? எனக்கா? என் வாய் ரோஜாப்பூடி!"

"அந்தப் பூவை எதுக்கு இப்படிப் பொத்தி வச்சிருக்கீங்க?"

கெஞ்சினாள். அழுதாள். சாமி படத்துக்கு முன்னால் முட்டி தேய மண்டியிட்டாள். மேஸ்திரி அசையவில்லை. ஒருநாள் அவளே ஓய்ந்துவிட்டாள். ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரே கொண்டாட்டம். பெண்டாட்டி சத்தம் அடங்கினால்தான் உஷாராக வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்திலும் அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

"நான் பல் டாக்டரம்மாகிட்டப் போறேன். துணைக்கு வந்து சும்மா உக்காருங்க."

"என்னைத் திறக்கச் சொல்ல மாட்டியே?"

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

போனார்கள். அவள் சாய்வு நாற்காலியில் ஏறி, வாயைச் சாவித் துவாரம் அளவுக்குத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் திறங்கம்மா," என்றார் டாக்டரம்மா, விளக்கைப் பிடித்துக்கொண்டு.

"ஆ..."

மேஸ்திரிக்குக் கால் பரபரத்தது. அவருக்கு ஒரு குணம். யாராவது ஒன்றைத் தப்பாகச் செய்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துடைப்பம் பிடிப்பதிலிருந்து தும்முவது வரைக்கும், "அப்படி இல்ல, இப்படி!" என்று செய்து காட்டியே ஆக வேண்டும்.

"அடியே, இதுல எதைப் பாப்பாங்க? அகலமாத் திற!"

"இவ்வளவுதாங்க வருது."

"வராமலா? வீட்டுல என்னைத் திட்டும்போது எப்படி வருது? தாடையைத் தளர விடு. நாக்கை மேல தூக்கு."

"எப்படிங்க?"

"எழுந்திரு, சொல்றேன்!"

மேஸ்திரி நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். "நல்லாப் பாத்துக்கோ. இப்படி... ஆஆஆ!"

டிரங்குப் பெட்டி திறந்த மாதிரி திறந்தது வாய். விளக்கு சட்டென்று இடது கன்னத்துக்குத் திரும்பியது.

"அப்படியே இருங்க ஐயா. அசையாதீங்க."

வாய்க்குள் கண்ணாடி வந்துவிட்ட பிறகு எப்படி மூடுவது?

அந்தத் திட்டிலிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை பட்டறையில் ரம்பம் ஓடவில்லை. புகையிலைப் பொட்டலத்தை மேஸ்திரி தன் கையாலேயே அடுப்பில் போட்டார். "இனி இதைத் தொட்டா நான் மனுஷனே இல்ல." அதுவும் ஆணி அடித்த முடிவுதான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தது.

"புற்றுநோயா மாறல," என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிருக்கு. சீக்கிரம் வந்தீங்க, எடுத்துடலாம். புகையிலை கூடவே கூடாது. அடிக்கடி வந்து காட்டணும்."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மனைவியின் நினைவு வந்தது.

"என்னை விடுங்க டாக்டரம்மா. முதல்ல இவளைப் பாருங்க. அன்னிக்கு இவ வாயையே திறக்கலையே! உள்ளே ஏதாவது இருந்தா?"

டாக்டரம்மா சிரித்தார். "அவங்களையா? உங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு முந்தின நாளே வந்து காட்டிட்டுப் போனாங்களே! ஒண்ணுமே இல்ல. என்ன அழகா, அகலமாத் திறந்தாங்க தெரியுமா?"

மேஸ்திரி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். வாய் பிளந்தது பிளந்தபடியே நின்றது.

அவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப மூடிக்கலாங்க," என்றாள். "பாத்தாச்சு."