பூஜ்யம் வராத ஃபோல்டர்

வர்ஷினியின் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. ஆனால் கணக்கு மட்டும் நாற்பது ஜிபி என்று காட்டியது.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேனுங்க. அப்படியே நிக்குதுங்க," என்றாள் அவள்.

காலையில் வந்ததும் வராததுமாகக் கிருபாசங்கர் அவள் திரையை உற்றுப் பார்த்தான். கல்யாண வீடியோ எடிட் செய்யும் அந்தத் துடியலூர் ஸ்டுடியோவில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. டைட்டில் டிசைன் வர்ஷினியின் வேலை. அவளுக்கு இன்று கடைசி நாள். சாயங்காலம் பெங்களூர் பஸ். திங்கட்கிழமை அங்கே ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர வேண்டும். ஆனால் முதலாளி சென்னகேசவன் ஒரு சட்டம் வைத்திருந்தார். போகிறவரின் ஃபோல்டர் கணக்கு பூஜ்யம் ஆனால்தான் ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் பெங்களூர்க்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள்.

பூஜ்யம் வராததற்குக் காரணம் கிருபாசங்கர்தான்.

அந்த சர்வரில் ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தால் நிஜத்தில் இன்னொன்று உண்டாகாது. ஒரே ஃபைலை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாராவது திருத்தினால் அந்தத் துண்டு மட்டும் புதிதாக எழுதப்படும். இடம் மிச்சம். ஆனால் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பு வைத்ததும், ஒவ்வொரு துண்டும் யாருடையது, யார் யாருக்கு அதில் பங்கு என்று சர்வர் விசாரித்துக்கொண்டே இருந்தது. விசாரித்தே களைத்துப்போய் முகூர்த்த நாட்களில் படுத்துக்கொண்டது. ஆகவே அவன் விதியை மாற்றினான். முதலில் எழுதியவர் யாரோ, அவர் தலையில் கணக்கு. விசாரணையே கிடையாது. சர்வர் குதிரையாக ஓடியது.

"கூட்டுக் கெணறு மாதிரிங்க," என்று அவளுக்கு விளக்கினான். "முந்தி யாரு எத்தனை தண்ணி எறைச்சாங்கன்னு வாளி வாளியா எண்ணீட்டு இருந்தோமுங்க. இப்ப எண்றதில்லீங்க. கெணறு வெட்டுனவர் தலையில மொத்தச் செலவு."

"வெட்டுனவரு ஊரை உட்டே போனாலுங்களா?"

"கடைசிப் பங்காளி தண்ணி எடுக்கறதை நிறுத்தற வரைக்கும் அவர் கணக்குதானுங்க."

"அப்ப என்ர டிசைன் ஒரே ஒரு காப்பி எங்கியாச்சும் இருந்தாக்கூட..."

"பூஜ்யம் வராதுங்க."

அவள் திரையில் இருந்த நாற்பதை இன்னொரு முறை பார்த்தாள். "நல்ல விதிதானுங்க," என்றாள்.

அவள் எல்லோரையும் அண்ணா என்றாள். அவனை மட்டும் 'ஏனுங்க' என்றாள். கொங்கு நாட்டில் காய்கறிக்காரரையும் அப்படிக் கூப்பிடலாம், புருஷனையும் அப்படிக் கூப்பிடலாம். தான் இதில் எந்த வகை என்று கேட்கத் தைரியம் வராமலே மூன்று வருடம் போய்விட்டது. அவள் ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து 'போகாதீங்க' என்ற ஒரு சொல்லைத் தினமும் வீட்டிலிருந்து சுமந்து வந்து, வாசலில் பைக்கோடு நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

சொல்லத்தான் முடியவில்லை, அவளுக்கு உதவவாவது செய்யலாம். தன் விதியில் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள், தானே அவிழ்த்துவிட வேண்டும்.

முதலில் வீடியோக்களுக்குக் கலர் சரிசெய்யும் இல்யாஸிடம் போனான்.

"இல்யாஸ், வர்ஷினியோட மயில் டைட்டிலை அழிச்சுப்போடு."

"அத அழிச்சா காரமடைக் கல்யாணத்துல மாப்பிள்ளை பேரு எதுலங்ணா வரும்?"

"வெறும் வெள்ளை எழுத்துல வரட்டும்."

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நம்ம பேரையே வெள்ளையடிச்சுப்போடுவாங்க," என்று முனகிக்கொண்டே இல்யாஸ் அழித்தான்.

கிருபாசங்கர் ஓடிவந்து பார்த்தான். ஐம்பத்தைந்து ஜிபி.

"கூடீருச்சுங்களே," என்றாள் வர்ஷினி. "பாவம், மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு. ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க."

டீ குடித்துவிட்டு வந்து, எடிட்டர்கள் அத்தனை பேர் ஃபோல்டரிலிருந்தும் அவள் டிசைன்களை ஒரே கட்டளையில் துடைத்தான். கூடவே மூன்று கல்யாணங்களில் மணமக்கள் பெயர் காணாமல் போயிற்று. கணக்கு எழுபது ஆயிற்று.

வேறு வழியில்லை. ஒரு காப்பி விடாமல் தேட, கைவிட்ட பழைய விசாரணையையே திரும்ப ஓடவிட்டான். துண்டு துண்டாக விசாரிக்க ஆரம்பித்த சர்வர், வழக்கம்போலப் படுத்துக்கொண்டது. ஸ்டுடியோ முழுக்கத் திரைகள் உறைந்தன.

சென்னகேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏப்பா கிருபா, முன்னால பொண்ணு ஊட்டுக்காரங்க ஒக்காந்து படம் பார்த்துட்டு இருக்காங்க. மாப்பிள்ளை தாலியக் கையில புடிச்சமானிக்கே நிக்கறான். கட்டுவானா மாட்டானா?"

"கட்டுவாருங்க. இதா, இந்தப் புள்ளை கணக்கு மட்டும்..."

"அது பூஜ்யம் ஆகாம அவளும் போகமுடியாது, நீயும் ஊட்டுக்குப் போகமுடியாது!"

மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலி கட்டினார். விசாரணையும் முடிந்தது. வரவேற்பில் பில் போடும் கனகத்தின் ஃபோல்டரில், ரசீதுகளுக்கு நடுவே வரிசையாக மயில்கள். பில் போடுகிறவருக்கு மயில் எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. கனகம் டிபன் வாங்கப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. அழித்தான்.

பூஜ்யம்.

மூன்று வருடமாக அவள் வரைந்த மயிலும் கொடியும் கோலமும், அந்த சர்வரில் ஒரு இறகுகூட மிச்சமில்லை. வெற்றுத் திரை அவனையே திருப்பிக் காட்டியது.

"எல்லாமே போயிருச்சுங்களா?" வர்ஷினி பின்னால் நின்றிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்லீங்க," என்றான்.

"நல்லா வேலை பார்க்கறீங்க," என்றாள் அவள்.

லெட்டரை வாங்கிப் பையில் வைத்தாள். வாசலில் ஆட்டோ வந்தது. 'வாரேனுங்க' என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அவள், "போறேனுங்க," என்றாள். ஆட்டோ மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பி, பஸ்களுக்கு நடுவே சிறுத்துப்போனது.

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது கனகம் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏந் தம்பி, என்ர கம்ப்யூட்டர்ல வர்ஷினி வெச்சதையெல்லாம் காணோமே? 'இது இருந்தாப் பூஜ்யம் வராதுங்க்கா, அவரு வாயத் தொறந்து இருன்னு சொல்ற வரைக்கும் இங்கியே இருந்துக்குவேன்'னு, காலையில இருந்து புதுசு புதுசா செஞ்சு போட்டுட்டே இருந்தாளே!"