நீண்ட மூக்கும் மங்கிய நிறமும்

“‘மங்கிய வைக்கோல் நிறம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. பெண்ணுக்கு வயிறு தடித்திருக்கும்.’ இது யாருங்க, நானா?”

மனைவி கட்டுரையைப் படித்த வேகத்தில் பூச்சியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்வதால் அவருக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர். புல்வெளியில் அவர் பிடித்த குட்டி அந்துப்பூச்சி புதிய இனம் என்று சமீபத்தில்தான் அச்சில் வந்திருந்தது. ஆசையாக அதற்கு மனைவியின் பெயரை வைத்திருந்தார். பேசாமல் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

“பூச்சியைப் பத்திம்மா! அது மூக்கே இல்ல. வாய்தான் அப்படி நீண்டு தெரியும்.”

“ஓஹோ, எனக்கு வாய் நீளம்!”

“ஐயோ, ரொம்ப சாது அது. பகல் முழுக்க இறக்கையைச் சுருட்டிக்கிட்டுப் புல்லுல ஒட்டிக் கிடக்கும்.”

“சோம்பேறி வேறயா?”

“இது எந்த இனம்னு எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? வயித்தைக் கிழிச்சு...”

அதற்கு மேல் அவருக்குப் பேச வாய்ப்பில்லை. மனைவி பெட்டியைக் கட்டினாள்.

“என் பேரு அதுலேருந்து போகட்டும். அப்புறம் வர்றேன்.”

அண்ணன் வீட்டுக்குப் போயே விட்டாள். அவள் இல்லாத வீட்டில் பூச்சியாருக்குச் சோறு இறங்கவில்லை.

அச்சில் ஏறிய பெயரை, வைத்தவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. ஒரே வழிதான் உண்டு. அதே பூச்சிக்கு முன்பே வேறு யாராவது பெயர் வைத்திருந்தால் பழையது நிற்கும், புதியது அடிபட்டுப் போகும். ஆகவே, வாழ்நாளில் தான் செய்த ஒரே கண்டுபிடிப்பைத் தானே பொய்யாக்க, பூச்சியார் அலமாரி அலமாரியாகக் குடைந்தார்.

கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெட்டி சிக்கியது. உள்ளே அதே வைக்கோல் நிறம், அதே மூக்கு. இறக்கை ஓரத்தில் கரும்புள்ளிகள் மட்டும் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தார். புள்ளிகள் தேய்ந்து உதிர்ந்திருந்தன. வயிற்றையும் திறந்து பார்த்துவிட்டார். இரண்டும் ஒன்றேதான். சீட்டில் பூச்சியின் பெயராக யாரோ ஒரு பெண்ணின் பெயரும் அது அச்சான பழைய ஆண்டும் இருந்தன. வைத்தவர் யார் என்று தேடவும் அவருக்குப் பொறுமை இல்லை. இதழுக்கு உடனே மறுப்பு அனுப்பிவிட்டு மனைவிக்கு ஃபோன் போட்டார்.

“உன் பேரு போயிடுச்சு. கிளம்பி வா.”

“இப்போ யாரு பேரு அதுக்கு?”

“யாரோ ஒருத்தி. நமக்கென்ன?”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. பூச்சியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே குஷியில் பெட்டியைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்தார்.

“நான் கண்டுபிடிச்சது புது இனமே இல்ல சார். பழைய பேரே நிக்கும்னு இதழுக்கு எழுதி அனுப்பிட்டேன்.”

மேலதிகாரி சீட்டைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“அது என் வீட்டுக்காரி பேருய்யா. நான்தான் வச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு, பூச்சிக்கு இப்போ வேற பேருன்னு உன் கட்டுரையைக் காட்டித்தான் அவளை அவங்கம்மா வீட்டுலேருந்து கூட்டிட்டு வந்திருக்கேன்!”