காரைக்காலில் ஒரு மோசமான ஓட்டல்

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். என் பக்கம் தப்பு இருந்தால் இந்த நிமிஷமே வாயை மூடிக்கொள்கிறேன். அந்த வாய்க்கு இப்போது வேறு வேலையும் இல்லை.

என் பெயர் சோமசேகரன். மாயவரத்து சோப்புக் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற உத்தியோகம். கடைக்காரர்கள் என்னை 'சோப்பு ஐயா' என்பார்கள். வாரத்தில் பாதி நாள் எனக்குக் காரைக்காலில்தான் கழியும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் இருந்த காலத்திலேயே, எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சோப்பாக முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டு, போய் வந்துகொண்டிருந்தவன் நான்.

ஒரு ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. போர்டைப் பார்க்கவே கூடாது. மத்தியானம் கோர்ட்டு குமாஸ்தாக்கள் எந்தச் சந்துக்குள் வேகமாக நுழைந்து, அதிலிருந்து எவ்வளவு மெதுவாக வெளியே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பிடித்த இடம்தான் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஞானசௌந்தரி அம்மாள் வீடு. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர். அம்மாள் வீட்டுக் கூடத்திலேயே இலை போட்டுச் சோறு போடுகிறாள். போர்டு கிடையாது. ஞானமெல்லாம் குழம்பில், சௌந்தர்யமெல்லாம் வறுவலில். அவள் வைக்கும் வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டவன் கையைக் கழுவ யோசிப்பான். சோப்பு விற்கிற நானே யோசித்திருக்கிறேன்.

சரி, இதை வீட்டில் போய்ச் சொல்வார்களா? நான் சொல்லவில்லை. மாயவரம் திரும்பும்போது, வாசற்படியில் கால் வைக்கும்போதே கன்னங்களை உள்ளே இழுத்துக்கொள்வேன். "தண்ணி குடு, லோகு" என்று சுவரைப் பிடித்தபடி சொல்வேன். என் மனைவி லோகாம்பாள் பதறிப்போவாள்.

"ஓட்டல் சோறு இந்த வாரமும் அப்படித்தானா?"

"சோறா அது? சுண்ணாம்பு. வயிறு ஆறு வருஷமா கெட்டுக் கெடக்குது."

அவ்வளவுதான். எண்ணெய்க் குளியல், நாட்டுக்கோழிக் குழம்பு, நெய் சொட்டச் சொட்டப் பணியாரம். அங்கேயும் மனசாரச் சாப்பிட்டேன். இங்கேயும் மனசாரச் சாப்பிட்டேன். இரண்டு பெண்மணிகளின் கைமணத்தையும் கௌரவித்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீங்களே சொல்லுங்கள்!

சோப்பு விற்கிறவனுக்கு வீட்டில் கொஞ்சம் சோப்புப் போடவும் தெரிய வேண்டும் என்று பெருமையாக இருந்தேன். அளவுக்கு மீறிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. போன மாதம் ஒரு நாள் லோகாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க இப்படி வாடுறதை என்னால பாக்க முடியலங்க. இந்தத் தடவை நானும் வர்றேன்."

"எங்க?"

"காரைக்காலுக்கு. நீங்க என்னா சாப்பிடுறீங்கன்னு கண்ணால பாக்கணும்."

"நீ எதுக்கு லோகு கஷ்டப்பட்டுக்கிட்டு? ஆம்பளை தாங்குவான். நீ தாங்க மாட்டே."

"நீங்க திங்கிறதையே நானும் திங்கிறேன். கட்டுச்சோறுகூட கட்டப் போறதில்ல."

அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்தேன். ஆண்பிள்ளையாக நின்று, முடியவே முடியாது என்று சொல்லிவிடுவது. சொல்லியும் விட்டேன். மறுநாள் காலை பேரளத்தில் ரயில் மாறும்போது என் பையையும் அவள் பையையும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

ரயில் திருநள்ளாற்றைத் தாண்டியதும் எனக்கு வியர்த்துவிட்டது. காரைக்காலில் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மோசமான சாப்பாடு எங்கே என்று எனக்குத் தெரியவே தெரியாது! ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைத் தேடியதில்லை.

ஸ்டேஷனில் முத்தையன் குதிரை வண்டியோடு நின்றான். எப்போதும் என்னை ஏற்றிக்கொண்டு போகிறவன்.

"முத்தையா, வழக்கமா நாம சாப்பிடுற *ஓட்டலுக்கு* விடு" என்று சொல்லி, லோகாம்பாளுக்குத் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினேன்.

"கண்ணுல தூசிங்களா ஐயா?" என்றான் அந்த மடையன்.

"தூசிதான். நீ லெமேர் வீதிப் பக்கமா ஓட்டு."

அவன் ஓட்டினான். குதிரை கேட்க வேண்டுமே! முனை திரும்பியதும் அது தன் பாட்டுக்கு மாதா கோயில் பக்கம் திரும்பி, இரண்டு சந்து நுழைந்து, ஞானசௌந்தரி அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது. நின்று, தலையை ஆட்டிக் கழுத்துமணியை வேறு அடித்தது. உள்ளே வஞ்சிரம் எண்ணெயில் விழும் சத்தம். வாசனை வண்டிக்குள் ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"இது என்னாங்க எடம்?" என்றாள் லோகாம்பாள்.

"இதா? இது… துக்க வீடு."

"துக்க வீட்டுல மீன் வறுப்பாங்களா?"

"காரியமெல்லாம் முடிஞ்சு கவிச்சி சேக்கிற நாளா இருக்கும். வண்டிய எடுப்பா!"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அம்மாள் குரல். "யாரு, சோப்பு முசியேவா? சீக்கிரம் வாங்க, வஞ்சிரத் தலைத்துண்டை எடுத்து வச்சிருக்கேன்!"

பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவளுக்கு எந்த ஐயாவும் முசியேதான். நான் முத்தையன் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி நானே வீசினேன். குதிரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது.

"உங்களைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே" என்றாள் லோகாம்பாள்.

"ஊருல சோப்பு விக்கிறவன் நான் ஒருத்தன்தானா?"

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி கேள்வி கேட்டால் பயப்படத் தேவையில்லை, நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கடைத்தெருவில் இறங்கி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, என் வாடிக்கைக்காரர் மளிகைக்கடை நூர் அகமதுவிடம் ஓடினேன்.

"பாய், அவசரம். இந்த ஊருல ரொம்ப மோசமான ஓட்டல் எது?"

அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். "என்னா சொன்னீங்க?"

"வாயில வைக்க முடியாத சாப்பாடு எங்க கெடைக்கும்?"

"சோப்பு ஐயா, வெளியூர்லேர்ந்து வந்து எங்க ஊரைக் கேவலமாப் பேசாதீங்க. காரைக்கால்ல தண்ணி குடிச்சாலே ருசியா இருக்கும். அப்படி ஓட்டல் வேணும்னா உங்க மாயவரத்துல தேடுங்க!"

பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். உதவி கேட்டவனை இப்படி விரட்டினால் எப்படி? நல்லவேளையாக எதிர்ச்சாரியில் ஒரு போர்டு தெரிந்தது. 'ஜெகன்மோகன விலாஸ்'. உச்சிவேளை, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஈ மட்டும் இருந்தது. சர்வர் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கடவுள் இருக்கிறார் என்று லோகாம்பாளை அழைத்துக்கொண்டு நுழைந்தேன்.

"இங்கதான்" என்றேன், கன்னத்தை உள்ளே இழுத்தபடி.

சர்வர் எழுந்து கண்ணைக் கசக்கினான். "வாங்க சார். ஊருக்குப் புதுசா?"

"தூக்கக் கலக்கத்துல ஆள் அடையாளம் தெரியல பாரு" என்று லோகாம்பாளிடம் சொன்னேன். "ரெண்டு சாப்பாடு போடுப்பா."

"ஒண்ணு போதும்" என்றாள் லோகாம்பாள். "ரயில்ல வந்தது எனக்குத் தலை சுத்துது. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்தச் சாப்பாட்டை எப்படி வர்ணிப்பேன்! சோறு தனித்தனியாக இல்லை. ஒரே குடும்பமாக இருந்தது. சாம்பார் நுரைத்தது. என் கம்பெனி சோப்புகூட அப்படி நுரைக்காது. கத்தரிக்காய் என்று வைத்ததைப் பல்லால் இழுத்தேன். அது திரும்ப என்னை இழுத்தது. ரசத்தில் ஒரே ஒரு கறிவேப்பிலை, கரையேற வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"பாவம்" என்றாள் லோகாம்பாள். "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் லோகு."

"பழகின சாப்பாடுதானே? அரை வயித்தோட வெயில்ல அலையக் கூடாது. ஏம்பா, அவங்களுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு. சாம்பாரும் ஊத்து."

ஊற்றினான். தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை என் கஷ்டத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன். அவள் மோர் ஊற்றச் சொன்னாள். மோரா அது? சொல்ல மாட்டேன்.

வெளியே வந்ததும் அவள், "நீங்க போய் ஆர்டரைப் பாருங்க. நான் முத்தையன் வண்டியில சமுத்திரத்தைப் பாத்துட்டு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துடுறேன்" என்றாள்.

வண்டி கண்ணுக்கு மறையும்வரை பொறுமையாக நின்றேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்து நடந்தேன். ஒரு மனிதன் வாய்க்கும் ஒரு மரியாதை உண்டு அல்லவா? அந்தச் சாம்பாரின் நினைவை ஒரே ஒரு வஞ்சிரத் துண்டால் கழுவிவிட வேண்டும். ஞானசௌந்தரி அம்மாள் வீட்டுக்குள் மூச்சு வாங்க நுழைந்தேன்.

கூடத்தில் ஒரே ஓர் இலை. இலைக்கு முன்னால் லோகாம்பாள். வஞ்சிரத்தை வஞ்சனையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஞானசௌந்தரி அம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நாளாவது விசிறியிருப்பாளா?

லோகாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க. துக்கம் விசாரிக்க வந்தீங்களா?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை நடிப்பு இல்லை.

"நீ… சமுத்திரம்…"

"சமுத்திரத்துக்குத்தான் விடச் சொன்னேன். குதிரை இங்க கொண்டாந்து நிறுத்திடுச்சு. சரி, இதுவும் சமுத்திரத்துலேர்ந்து வந்ததுதானேன்னு உக்காந்துட்டேன்."

"முசியே, இவ்வளவு தங்கமான சம்சாரத்தை இத்தனை வருஷம் ஏன் கூட்டியாரல?" என்று ஞானசௌந்தரி அம்மாள் என்னைக் கண்டித்தாள்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க" என்றேன், தொண்டையைச் செருமி.

"தீந்துபோச்சே. உங்க தலைத்துண்டைத்தான் அம்மாவுக்கு வச்சேன்."

என் தலைத்துண்டு! என் பெயர் சொல்லி எடுத்து வைத்தது! எந்தக் கோர்ட்டில் இதைச் சொல்லி நியாயம் கேட்பது?

நீங்கள் நினைப்பீர்கள், ரயிலில் பெரிய சண்டை நடந்திருக்கும் என்று. இல்லை. லோகாம்பாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வழியெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வயல்களைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏப்பம் விட்டாள். ஒரு மனைவி கோபப்பட்டால் சமாதானம் செய்யலாம். திருப்தியாக இருப்பவளை என்ன செய்ய?

வீட்டில் எண்ணெய்க் குளியல் நின்றுபோனது. கோழி முற்றத்தில் உயிரோடு உலாத்தியது. "காரைக்கால்ல நல்லாச் சாப்பிட்டு வர்றீங்க. இங்க வயித்துக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்று ரசமும் சுட்ட அப்பளமும் வைத்தாள். போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ரகசியம் உடைந்ததிலும் ஒரு சௌகரியம் உண்டு. இனிமேல் காரைக்காலில் ஒளிந்து ஒளிந்து சாப்பிட வேண்டாம். பகிரங்கமாகவே சாப்பிடலாம்.

அடுத்த தடவை ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக ஞானசௌந்தரி அம்மாள் வீட்டுக்கு விடச் சொன்னேன். கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டேன். அம்மாள் உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தை ஏந்தி வந்து என் முன் வைத்தாள். நொய்க் கஞ்சி. உப்பு இருப்பதாகக்கூடத் தெரியவில்லை.

"என்னம்மா இது அநியாயம்?"

"உங்க வீட்டு அம்மா அன்னைக்கே சொல்லிட்டுப் போனாங்க, முசியே. உங்க வயிறு ஆறு வருஷமா கெட்டுக் கெடக்குதாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாவம், காரமும் புளியுமாப் போட்டு உங்களைக் கொல்லப் பாத்தேனே. சரியாகுற வரைக்கும் கஞ்சிதான்னு மாதா மேல ஆணையா சொல்லியிருக்கேன்."

"வயித்துக்கு ஒண்ணுமில்லம்மா! அது சும்மா!"

"வலி வந்தாலும் இப்படித்தான் மறைப்பாருன்னு அதையும் சொன்னாங்க."

நான் பல்லைக் கடித்தேன். கஞ்சிக்குப் பல்லே தேவையில்லை. அப்போதுதான் அடுப்படியிலிருந்து மிளகும் சோம்புமாக ஒரு வாசனை வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, உள்ள நண்டு வேகுதே. அதுல ஒரே ஒரு காலு…"

"ஐயோ, அதைத் தொட முடியாதுங்க. மத்தியான ரயிலுக்கு உங்க வீட்டு அம்மா வர்றாங்கல்ல, அவங்க சொல்லிவச்ச நண்டு."