நனைந்த துப்பாக்கி

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, வங்கியின் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி விழுந்தது.

கூடவே தானும் விழுந்திருக்கலாம் என்று வங்கிக் காவலாளிக்குத் தோன்றியது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று எட்டிப் பார்த்தார்; தோள்வார் நழுவியது. அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு ஆயுதச் சோதனை அதிகாரி வருகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சுட்டுப் பார்ப்பார். சுடாவிட்டால் துப்பாக்கியோடு காவலாளியையும் கழித்துவிடுவார். ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

கூட்டிப் பெருக்கும் அக்கா பாதாளக்கரண்டி விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். காவலாளி தோட்டாக்களை உருவிவிட்டு, துப்பாக்கியை மடக்கித் திறந்து கவிழ்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது.

"துடைச்சு எண்ணெய் போட்டா சரியாயிடும்ணா."

"ஏம்மா, இது என்ன தையல் மிஷினா?"

அதற்குள் கேஷியர் வந்துவிட்டான்.

"அரிசியில போடுங்கண்ணே. என் போன் அப்படித்தான் பொழச்சுது."

"போன் சுடுமாடா?"

"சார்ஜ் போட்டா சுடும்ணே."

எதிர்க்கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கினார்கள். துப்பாக்கி திறந்தபடியே ஒரு மணி நேரம் மூட்டைக்குள் கிடந்தது. வெளியே எடுத்தால், கீலில் அரிசி சிக்கி மூட மாட்டேன் என்றது. காவலாளி முழங்காலில் வைத்து அமுக்கினார். மூடிக்கொண்டது. அதற்கப்புறம் திறக்க மாட்டேன் என்றது. இரண்டு குழலிலும் அரிசி இருந்தது.

"குச்சிய விட்டுக் குத்துங்கண்ணே."

தரை துடைக்கிற குச்சி பாதி உள்ளே போய் முறிந்தது.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"அரிசி ஊறினா வழுக்கும்ணே. வெந்நி ஊத்துங்க, குச்சி தானா வந்துடும்."

டீக்குக் கொதித்த வெந்நீர் குழலுக்குள் போனது. கால் மணி கழித்து, அக்கா துடைப்பத்தோடு வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணா, சோத்து வாசனை அடிக்குது."

மேனேஜர் அறையிலிருந்து தலையை நீட்டி, அதற்குள் யார் சாப்பாட்டைப் பிரித்தது என்று கேட்டார்.

அதிகாரி ஒன்றரை மணிக்குத்தான் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை ஈரம். ஒரு காலில் மட்டும் செருப்பு. காவலாளி குழல் முனையைக் கையால் பொத்திக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்." அதிகாரி பத்தடி தள்ளி நின்றே பார்த்தார். "நல்லா இருக்கு." படிவத்தில் 'மிகச் சிறந்த நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சுட்டுப் பாக்கலீங்களா?"

"எதுக்கு? உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, பொறுப்பான ஆளுன்னு."

போன உயிரும் எட்டு மாதமும் காவலாளிக்குச் சேர்ந்தே திரும்பி வந்தன. வழியனுப்ப வாசல்வரை போனார். அங்கே அதிகாரியின் ஜீப் இல்லை. ஒரு வாடகை ஆட்டோ நின்றது. பக்கத்தில் அதிகாரியின் டிரைவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஜீப்பு வாய்க்கால்ல கவுந்துடுச்சுண்ணே. பெரிய அதிகாரிகிட்ட காட்ட மத்த கிளைங்கள்ல வாங்கிட்டு வந்த ஒன்பது துப்பாக்கியும் தண்ணிக்குள்ள கெடக்கு. நல்லவேளை, நனையாம உங்களோடது ஒண்ணாவது இருக்கே! ஏறுங்க, நாலு மணிக்குப் பெரிய அதிகாரி முன்னாடி நீங்கதான் அதைச் சுட்டுக் காட்டணும்."