தோட்டா சார் துப்பாக்கி வாங்கிய கதை

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க உலகத்திலேயே அதிக காலம் எடுத்துக்கொண்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு நேராக மாடம்பாக்கத்துக்குத்தான் வரும். அதை மேடையேறி வாங்கிக்கொள்ள எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டா சார் வருவாரா என்பதுதான் சந்தேகம். எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

கேட்டில் அவருடைய சொந்தப் பெயர் பளிங்குப் பலகையில் இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. கூரியர்காரர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அது தோட்டா சார் வீடுதான். இத்தனைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டபோது அவரிடம் துப்பாக்கியும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. கொள்கை மட்டும் இருந்தது.

"துப்பாக்கிங்கறது ஒரு தடவை வாங்கறது தம்பி. தோட்டாங்கறது ஆயுசுக்கும் வாங்கறது. எது ஊர் பூரா கிடைக்குமோ, அதுக்கு ஏத்த துப்பாக்கியைத்தான் வாங்கணும்."

இதுதான் கொள்கை. அதைத் துப்பாக்கியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தொல்லையில்லை. உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரு தோட்டா உண்டு என்பது அவர் கட்சி. பேனாவுக்கு ரீஃபில். ஸ்கூட்டருக்கு டயர். ஒருமுறை நான் ஆசைப்பட்டு, ஏதோ வெளிநாட்டில் செய்த சமையலறைக் குழாய் ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்னப்பறவை மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு பளபளவென்று நின்றது. சார் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்குத் தோட்டா எங்க கிடைக்கும்?"

"குழாய்க்கு ஏது சார் தோட்டா?"

"வாஷர் தம்பி, வாஷர்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் வாஷர் போயிற்று. தாம்பரம் மார்க்கெட்டில் ஏறி இறங்காத கடையில்லை. கடைசியில் அன்னப்பறவையின் கழுத்தில் பழைய துண்டைச் சுற்றி வைத்தோம். பார்க்க வருகிறவர்கள் அதற்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார்கள். சார் தினம் வந்து துண்டைப் பார்த்துவிட்டு மட்டும் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வெளியே வந்த நாள் வரை, மூக்குக்கு நேரே அளவுகோலைப் பிடித்து மயிரிழை வித்தியாசம் பார்ப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள், இவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தார். கிளப்பில் இரவல் கொடுப்பது சின்னத் துப்பாக்கி, கிட்டத்து இலக்கு. அது அவருக்குப் பற்றவில்லை.

"வாழ்க்கை பூரா அரை அடி தூரத்துல இருக்கறதையே பாத்தாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முந்நூறு மீட்டர் போட்டியில படுத்துச் சுட்டு, குண்டு அட்டையில போய்ப் படறதைப் பாத்துடணும்" என்பார். அந்தப் போட்டிக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பித்துவிட்டு, அது வருகிற வரை காற்று படிக்க ஆரம்பித்தார்.

நெடுந்தூரச் சுடுதலில் காற்றுதான் எமன் என்று எங்கோ படித்திருக்கிறார். காலையும் மாலையும் மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்று, தெருவில் எந்தக் கொடியில் எந்தத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். வேட்டி கனம், சரியாகச் சொல்லாதாம். புடவை பொய் சொல்லுமாம். நம்பிக்கையானது கடைசி வீட்டு நைட்டிதானாம். இந்த ஆராய்ச்சி முடிவை அவர் தெரு வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார்: 'தென்கிழக்குக் காற்று. கடைசி வீட்டு நைட்டி நன்றாகத் தூக்குகிறது.'

அன்று மாலை கடைசி வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கே ஏறி வந்தார். தெருவே கூடிவிட்டது. சார் அமைதியாகப் பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க சார், உங்க வீட்டு நைட்டி மாதிரி வருமா?" என்றார். அடி விழாதது சரோஜா அக்காவின் புண்ணியம். சாரின் மனைவி. உள்ளே ஓடிப்போய்த் தன் பழைய சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து மொட்டை மாடிக் கம்பியில் கட்டி, "இனிமே இதைப் பாத்தாப் போதும். கீழ இறங்குங்க" என்றார்.

லைசென்ஸ் விசாரணைக்காக ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்பது வழக்கமாம்.

"பக்கத்து வூட்டுக்காரரு துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுகீறாரு. ஆளு எப்டி சார்? கோவக்காரரா?"

"இல்லை சார். யோசனைக்காரர்."

"அவரு கைல துப்பாக்கி குட்த்தா யாருக்காச்சும் ஆபத்து கீதா?"

"எடுத்த எடுப்பில் யாரையும் சுட மாட்டார் சார். சுடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்குள் எதிராளிக்கு வயதாகிவிடும்."

அவர் சிரிக்கவில்லை. 'நல்ல மனிதர்' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. கூடவே ஒரு கெடுவும் வந்தது. இன்ன தேதிக்குள் துப்பாக்கி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் லைசென்ஸ் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் வயது அவருக்கு இல்லை. ஆனால் கொள்கைதான் தயாராக இருக்கிறதே, கடைக்குப் போய் வாங்கி வர வேண்டியதுதானே என்று நாங்கள் நினைத்தோம்.

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. முதலாளி ஒரு பாய், பொறுமைசாலி. என்னைத் துணைக்கு அழைத்துப் போனார் சார். பாய் முதலில் எடுத்து வைத்தது முந்நூற்றுப் பதினைந்து என்று சொல்லப்படும் ரகம்.

"இத எட்த்துக்கோ சார். எந்த ஊருக்கு வேணா போ, துப்பாக்கிக் கடைனு ஒண்ணு இருந்தா இதோட தோட்டா இருக்கும். பேஜாரே இல்ல."

சாரின் கொள்கைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. பார்க்கத்தான் ரேஷன் கடைத் தராசுக்குக் கை முளைத்தது போலிருந்தது. சார் தலையாட்டினார். பணம் எடுக்கப் போனார். அப்போது பார்த்து பாய், "சும்மா கண்ணால பாருங்க" என்று இன்னொன்றைத் துணியிலிருந்து உருவினார்.

ஏதோ மலைத்தோட்டத்துக் குடும்பம் விற்கக் கொடுத்த வெளிநாட்டு ரைஃபிள். தேன் நிறத்தில் வால்நட் கட்டை. குண்டு நூல் பிடித்தது மாதிரி நேராகப் போகுமாம். சார் அதைக் கையில் வாங்கினார், தோளில் வைத்துப் பார்த்தார், அப்புறம் பணம் எடுக்காமலேயே கடையை விட்டு இறங்கினார். தாம்பரம் வரும் வரை ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ரைஃபிளின் தோட்டா மெட்ராஸில் எந்தக் கடையிலும் கிடையாது.

அதன் பிறகு அவர் கொள்கை பேசுவதை நிறுத்திவிட்டார். வாரம் தவறாமல் இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் பவுடர், பாரிமுனை. பாய் டீ கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனார். கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. சரோஜா அக்கா என்னை மடக்கினார்.

"உண்மையச் சொல்லு தம்பி. யாரைப் பாக்கப் போறாரு இவரு?"

சொன்னேன். "ஓ, அவ்வளவு அழகா?" என்றார். குரலில் இருந்தது பொறாமையேதான்.

கெடு முடிகிற நாளன்று அக்காவும் எங்களோடு வந்தார். கடையில் இரண்டு துப்பாக்கிகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சார் கை தானாக வெளிநாட்டு ரைஃபிளின் மேல் போய் உட்கார்ந்தது.

"பாய், இதுக்கு எவ்வளவு தோட்டா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு டப்பா கீதுமா."

"அது தீந்துட்டா?"

"வெளிநாட்டுலேந்து வரணும். வந்தா உண்டு."

அக்கா சாரைப் பார்த்துத் திரும்பினார். "ஏங்க, எனக்கு ஒரு மிக்ஸி புடிச்சிருந்தது. அதுக்கு பிளேடு சேலையூர்ல கிடைக்காதுன்னு நீங்க வாங்க விடல. ஒரு ஓவன் கேட்டேன். அதுக்கும் ஏதோ ஒண்ணு கிடைக்காதுன்னீங்க. பரவால்ல. நீங்க இதையே எடுத்துக்குங்க. போற வழியில நான் மிக்ஸியை எடுத்துக்கறேன், ஓவனையும் எடுத்துக்கறேன். அந்தப் பாட்டுப் பாடற குக்கரையும் எடுத்துக்கறேன்."

பாய் நைசாகக் கணக்கு மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டார். சார் வெளிநாட்டு ரைஃபிளை ஒருமுறை தடவினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, தன் விரல் ரேகை பட்ட இடத்தை மெதுவாகத் துடைத்துவிட்டு, "முந்நூத்திப் பதினஞ்சுக்கு பில் போடுங்க பாய்" என்றார். எனக்கே கண் கலங்கியது.

வீட்டுக்குப் புதிதாக வந்த பொருளுக்குப் பூஜை போட வேண்டாமா? அக்கா அதன் கட்டையில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். கார் வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கலாம். இதற்கு எங்கே வைத்து நசுக்குவது என்று கேட்கக் கோயிலுக்கே போனார். குருக்கள் நடுங்கிவிட்டார். "அம்மா, அதை மட்டும் சந்நிதிக்கு எடுத்துண்டு வந்துடாதீங்கோ. அதை வெச்சுப் பூட்டற பெட்டிச் சாவி இருக்கோல்லியோ, அதைக் கொண்டு வாங்கோ, அர்ச்சனை பண்ணித் தரேன்." சாவிக்கு அர்ச்சனை நடந்தது. நட்சத்திரம் கேட்டதற்கு அக்கா சாருடைய நட்சத்திரத்தையே கொடுத்தார்.

பூஜைப் பூ வாடுவதற்குள் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பேர் பெற்ற போட்டி வீரர்களுக்கு விலக்கு உண்டாம். ஒரு குண்டுகூடச் சுடாதவருக்கு யார் விலக்கு கொடுப்பார்கள்? வாங்கிய துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு சார் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ரைட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடையாளங்கள் என்ற இடத்தில் 'சந்தனப் பொட்டு உள்ளது' என்று எழுதிக்கொண்டார்.

சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டியோ தேர்தல் முடிவு வந்த கையோடு. அதற்குள் துப்பாக்கி துருப்பிடித்தால்? ஈரம் உறிஞ்சுவதற்காக மாத்திரை டப்பாக்களில் போட்டிருக்கும் சின்னப் பொட்டலங்களைத் தெரு முழுக்கச் சேகரித்து எடுத்துக்கொண்டு அடிக்கடி ஸ்டேஷனுக்குப் போனார். ரைட்டர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாராம்.

"இன்னா சார், ஆஸ்பத்திரி வார்டாட்டம் வந்து வந்து பாத்துகினு போற? ஆரஞ்சுப் பழம் ஒண்ணுதான் பாக்கி!"

ஓட்டு எண்ணிய நாளில் ஊரே யார் ஜெயித்தார்கள் என்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. சார் மட்டும், "எவன் வேணா ஜெயிச்சுக்கட்டும், சீக்கிரம் ஜெயிக்கச் சொல்லுங்க" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். போட்டிக்கு முதல் நாள்தான் துப்பாக்கி கைக்கு வந்தது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மைதானம். நானும் அக்காவும் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். வரிசையாக வாலிபர்கள். நடுவில் சார், காதில் அடைப்பானோடு குப்புறப் படுத்திருந்தார். விசில் ஊதியதும் பட் பட்டென்று எல்லாரும் சுட ஆரம்பித்தார்கள். சார் சுடவில்லை. தூரத்தில் சின்னக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. அவர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் சுட்டு முடித்து எழுந்து சோம்பல் முறித்தார். சார் இன்னும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் ஆரம்பிச்சுட்டாரே" என்று அக்கா பல்லைக் கடித்தார். கத்த முடியாது, கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். என் கையைப் பிடித்துக் கொண்டு பிசைந்தார். நேரம் முடியப் போகிறது. இத்தனை நாள் பார்த்த காற்று, கெடு, ஸ்டேஷன், எல்லாம் ஒரு குண்டுகூட வெளியே வராமல் முடிந்துவிடும் போலிருந்தது.

டப்பென்று ஒரு சத்தம். உடனே விசில். அவ்வளவுதான். மொத்தப் போட்டியிலும் சார் சுட்டது ஒரே ஒரு குண்டு.

அட்டையைக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்துக்கும் அந்தக் குண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லா வளையங்களையும் தாண்டி, ஓரத்தில், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆகாயம் என்கிற இடத்தில் ஓர் ஓட்டை. சார் அதைச் சுண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல படலையே சார்" என்றேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"அங்கேருந்து இங்க வரைக்கும் வந்திருக்கு தம்பி!" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நான் அனுப்பினது. வந்து சேந்திருக்கு பாருங்க!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, தொப்பியக் கழட்டுங்க, வேர்க்குது" என்றார்.

பிறகு முடிவுகளை வாசித்தார்கள். சாரின் பெயர் கடைசியாக வந்தது, யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளங்கை எரிகிற வரை தட்டினேன். என் சொந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு பலமாகத் தட்டியதில்லை.