பீரோ நுழையாத வாசல்

இந்த ஜென்மத்தில் வீடு வாங்குவதில்லை என்று தையல் மாஸ்டர் முடிவு செய்த அன்றுதான், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு பார்க்கப் போவது என்றும் முடிவாயிற்று. மனைவியிடம் 'சரி' என்று சொன்னது வாய். 'மாட்டேன்' என்று சொன்னது மனசு. அந்த வீட்டில் வெளியே கேட்கும்படி பேச மாஸ்டரின் மனசுக்கு அனுமதி கிடையாது.

மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் அவள் விசில் ஊதினால் காக்காகூட வரிசையில் உட்காரும் என்று பேச்சு. வீட்டில் விசிலுக்கு வேலையே வந்ததில்லை. ஒரு கனைப்பு போதும்.

எல்லாம் ஒரு ஆணியில் ஆரம்பித்தது. டீச்சர் இளவயதில் ஓட்டப்பந்தயங்களில் வாங்கிய பதக்கங்கள் துணிப்பையில் முடிந்து பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. அவற்றைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒருநாள் சுத்தியலை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

"சுவர் என்னுதும்மா," என்றார்.

"ஆணி என்னுதுங்க," என்றாள் டீச்சர்.

"ஆணி தாராளமா இருக்கட்டும். சுவத்துல மட்டும் இருக்கக் கூடாது."

அவர் படியேறிப் போனார். டீச்சர் ஆணியை மேசைமேல் வைத்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன். மரியாதையாத்தானே சொன்னார்."

"சொந்தமா வீடு வாங்கறோம்."

"ஒரு ஆணிக்காக வீடா? பொத்தானைக் கொண்டாந்து குடுத்துட்டு, இதுக்கு ஏத்தாப்ல சட்டை தைங்கன்னு எவனாவது கேப்பானா?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலையா?"

"கேக்கலை."

"இப்ப நான் கேக்கறேன்."

மாஸ்டர் 'சரி' என்றார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எந்த வீடாக இருந்தாலும் அவளுடைய பீரோ உள்ளே நுழைய வேண்டும். அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய பீரோ அது. இரட்டைக் கதவு, ஆளுயரக் கண்ணாடி, யானைக்குத் தம்பி. கழற்ற வராது. சாய்த்தால் கண்ணாடிக்கு ஆகாது. நின்ற நிலையில்தான் நகர்த்த வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் தனக்கு விமோசனம் இருக்கிறது என்று மாஸ்டருக்கு அப்போது தெரியாது.

வீட்டுத் தரகருக்கு அந்த வட்டாரத்தில் சாவிக்கொத்து என்று பெயர். அவர் வருவதற்கு முன்பே இடுப்பிலிருந்து சத்தம் வந்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், மூன்றாம் மாடியில் ஒரு கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் நேரே அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். மாஸ்டர் கூடத்தின் நடுவில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

காலி வீட்டை அவர் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் படுத்திருந்தது. வெட்டுவதற்கு முன் மேசையில் பரப்பிய புதுத்துணி மாதிரி. அது இன்னும் சட்டை ஆகவில்லை, பாவாடை ஆகவில்லை, எதுவாகவும் ஆகலாம். மாஸ்டர் கண்ணை மூடினார். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி வந்து அமர்ந்தது. அதில் அவரே இருந்தார். கொஞ்சம் ஒல்லியாக, நிறைய முடியோடு. எங்கிருந்தோ மெதுவாக ஒரு வானொலி பாடியது. வாடிக்கையாளர் ஒருவரும் 'இன்னும் ரெடி ஆகலையா?' என்று கேட்கவில்லை.

"மாஸ்டர், தூக்கமா?" என்றார் சாவிக்கொத்து.

"வீடு பாக்கறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"திறந்து பாத்தா உங்க வீடுதான் தெரியுது."

டீச்சர் அடுக்களையிலிருந்து வந்தாள். "தண்ணி வருது. வெளிச்சம் வருது. எனக்குப் பிடிச்சிருக்கு. முடிச்சுடலாமா?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வீட்டிலேயே முடிப்பதா? துணியை முழுசாகத் தடவிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் கத்திரியா? கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே எப்போதும்போல் அளவு டேப் தொங்கியது.

"இரு இரு. பீரோ நுழையுமா பாப்போம்."

வாசலுக்குப் போய் டேப்பை நிலையில் வைத்தார். வைத்தார் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. நிலையைத் தொட்டது அவருடைய மடக்கிய கைதான். டேப்பின் முனை அந்தக் கைக்கு இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. ஒரு கைப்பிடி வாசல் அங்கேயே காணாமல் போனது.

"அடடா," என்றார் மாஸ்டர். குரலில் நிஜமான துக்கம். "நாலு விரற்கடை இடிக்குதே."

"நாலு விரற்கடைதானா?"

"அதுதாம்மா கொடுமை. ஒரு முழம் இடிச்சா மனசு ஆறிடும்."

டீச்சர் வாசலைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். அளவு விஷயத்தில் ஊரே நம்பும் மனிதரின் கழுத்தைச் சுற்றிய டேப் அது. பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் திருவிழாதான். முதல் ஆளாகக் குளித்துவிட்டுத் தலைசீவி நிற்பார். சாவிக்கொத்து திறந்த கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி காத்திருந்தது. ஒரு வீட்டில் படுக்கையறைக் கதவு நிலையில் யாரோ பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார்கள். கோடுகள் மாஸ்டரின் இடுப்பு வரை வளர்ந்து நின்றுவிட்டன. மீதி உயரத்தை அந்தப் பிள்ளை எந்த வீட்டில் வளர்ந்ததோ என்று அந்த வாரம் முழுக்கக் காலர் தைத்தபடி நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் பால்கனிக்குள் ஒரு மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்த அணில் அவரை வீட்டுக்காரர் என்றே நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. அந்த மரியாதையை அவர் வாழ்நாளில் வேறு யாரிடமும் பெற்றதில்லை.

தையல் மிஷினை மிதிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் குடியிருந்தார். திங்கட்கிழமை அணில் வீடு. செவ்வாய் மழை பெய்தால் தகரக் கூரை வைத்த மாடி வீடு. வீடு வாங்கியவனைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், அவனுக்கு ஒரே வீடு. வாங்காதவனுக்கு ஊரிலிருக்கும் வீடெல்லாம்.

எல்லா வீட்டிலும் கடைசியில் டேப் வந்தது. எல்லா வாசலிலும் பீரோ இடித்தது.

"இந்த ஊர்ல கதவு செய்யற தச்சனுங்க எல்லாரும் ஒல்லி போலிருக்கு," என்றார் சாவிக்கொத்து, ஒருநாள் படியிறங்கும்போது.

"காலம் அப்படி. மரம் விக்கிற விலைக்கு வாசலைச் சின்னதா வெக்கிறான்," என்றார் மாஸ்டர்.

"வாசல்னா காலி இடம்தானே மாஸ்டர்? அதைச் சின்னதாக்கினா மரமா மிச்சமாகும்? செலவுதான் ஆகும்."

மாஸ்டருக்கு இருமல் வந்தது.

டீச்சர் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவளுக்குப் பள்ளி ஆண்டுவிழா. மாஸ்டர் புது ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தார். பீரோக் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், முதுகைத் திருப்பினாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை.

"எப்படி?" என்றார் மாஸ்டர், வாயில் ஊசியோடு.

"எப்பவும்போல. அப்படியே ஒட்ட வெச்ச மாதிரி."

"அளவுல நமக்குத் தப்பு வந்ததே கிடையாதே!"

"ஆமா," என்றாள் டீச்சர். கண்ணாடிக்குள்ளிருந்து அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்ததே கிடையாது."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மாஸ்டர் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் பல ஞாயிறு வீடு பார்க்கப் போகவில்லை. டீச்சர் விளையாட்டுப் போட்டி வேலை என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் வந்தது. கடை முழுக்கச் சீருடைத் துணி. மாஸ்டர் விடிந்ததும் கடைக்குப் போய்விடுவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாரம் அவருக்குக் காஜா எடுக்காத சட்டை மாதிரி இருந்தது. பொத்தானைப் போட்டுக்கொள்ள எங்கும் இடமில்லை.

ஒரு வேலை நாள் மாலையில் டீச்சரும் சாவிக்கொத்தும் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏங்க, ஒரு வீடு இருக்காம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

"இன்னிக்கா? தலைக்கு மேல வேலை கிடக்கே!" என்றார் மாஸ்டர். சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். பழைய கட்டடம், முதல் மாடி. சாவிக்கொத்து கதவைத் திறந்ததும் மாஸ்டர் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் நின்றார். சாயங்கால வெயில் சுவரில் சந்தன நிறத்தில் சரிந்திருந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனார்கள். சத்தம் ஜன்னலில் ஏறி, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. நாற்காலி தானாக வந்தது. வானொலி தானாகப் பாடியது. பார்த்த வீடுகளிலேயே இதுதான் அழகு என்று மாஸ்டருக்குப் பட்டது. இதை வாங்கிவிட்டால் பாக்கி எல்லா வீடும் போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்றாள் டீச்சர்.

"வீடுன்னா இதுதான் வீடு! கண்ணுலயே நிக்குது."

"அப்ப வாங்கிடலாமா?"

"ஐயோ, எனக்கென்ன? சந்தோஷமா வாங்கலாம். பீரோவை ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

வாசலுக்குப் போனார். கை மடங்கியது. டேப் விரிந்தது. மாஸ்டர் குனிந்து எண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"நுழையாது."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"இன்னொரு தடவை. எனக்காக."

இன்னொரு தடவை அளந்தார். இரண்டாம் தடவை வாசல் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தது.

"வாய்ப்பே இல்லை. உடைச்சுதான் உள்ளே கொண்டாரணும்."

"நிச்சயமாவா?"

"என் கத்திரி மேல சத்தியம். இந்த வாசல்ல உன் பீரோ நுழைஞ்சா நான் டேப்பைத் தொடறதையே விட்டுடறேன்."

சாவிக்கொத்து திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சாவிகளும் சேர்ந்து குலுங்கின.

டீச்சர் நடந்துபோய் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பீரோ நின்றது.

இரட்டைக் கதவு. ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் கையில் டேப்போடு, வாயைத் திறந்தபடி ஒரு தையல்காரர். பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் பதக்கங்கள் கொத்தாகத் தொங்கின. ஜன்னல் காற்றில் ஒன்றோடொன்று மெல்ல உரசிச் சிணுங்கின. இத்தனை வருஷம் துணிப்பைக்குள் பேசாமல் கிடந்தவை. மாஸ்டர் அந்தச் சத்தத்தை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"இது எப்படி உள்ளே வந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"வாசல் வழியா."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில, நீங்க கடைக்குப் போன பின்னாடி."

"அளந்தா பத்தலையே!"

"எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒரு டேப் இருக்குங்க. நீளம் தாண்டறதை அளக்கறது. அதுல கையை மடக்கினா பொண்ணுங்க சும்மா விடமாட்டாங்க. நாம பாத்த வீட்டுக்கெல்லாம் மறுபடி போய் அளந்தேன். எல்லா வாசல்லயும் பீரோ ஜம்முனு நுழையுது. இவர்தான் சாட்சி."

"நான் கதவை மட்டும்தான் திறந்தேன்," என்றார் சாவிக்கொத்து அவசரமாக.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் மாஸ்டர்.

டீச்சர் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கி அவர் கழுத்தில் போட்டுவிட்டாள். "கல்யாணமான நாள்லேருந்து நீங்க தைச்ச ஜாக்கெட்டைத்தான் போடறேன். ஒண்ணாவது பிடிச்சுதா? ஒண்ணாவது தொளதொளத்துச்சா? எனக்கு மயிரிழை தப்பாம அளக்கிற கை, வாசலுக்கு மட்டும் வாராவாரம் தப்புதுன்னா, தப்பு வாசல் மேலயா இருக்கும்?"

தன் திறமையே தன்னைக் காட்டிக்கொடுத்ததில் மாஸ்டருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை.

"அப்ப, வீட்டை முடிச்சுட்டியா? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேட்டா, கையெழுத்துப் போடற பேனாவையும் அளந்திருப்பீங்க. பள்ளிக்கூடச் சங்கத்துல கடன் என் பேர்ல. வீடும் என் பேர்ல."

மாஸ்டர் கூடத்தைப் பார்த்தார். வெயில் சுவரில் இன்னும் மேலே ஏறியிருந்தது. அணில் வீடும் பென்சில் கோட்டு வீடும் தகரக் கூரையும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவது போல இருந்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை?" என்றார், பரிதாபமாக.

"நிறைய ஆணி அடிக்க வேண்டியிருக்கு."

"நம்ம பழைய வீடு? கட்டில், பாத்திரம், என் சட்டையெல்லாம்?"

"வண்டியில வந்துக்கிட்டிருக்கு," என்றாள் டீச்சர். உள்ளே போய், வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வாசல் பத்துமான்னு அளந்து பாத்துட்டு உள்ளே வாங்க."